தொலைபேசி எண் சொன்ன சாட்சி

1992 ஜூன் கடைசி வாரத்தில் டொராண்டோ வக்கீல்கள் தங்கள் வழக்குகளைப் பேசியதைவிட ஒரு மத்தியஸ்த விசாரணையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஒரே ஐஸ் ஹாக்கி வீரரை ஒரு கிளப்பின் தலைவர் ஒரே நாளில் இரண்டு அணிகளுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார். எந்த ஒப்புதல் செல்லும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு எங்கள் ஊர் வக்கீல் லாரி பெர்டூஸியிடம் வந்திருந்தது. நான் அப்போதுதான் அங்கே தொழில் தொடங்கியிருந்தேன். அந்த விசாரணையில் யாருக்காகவும் ஆஜராகவில்லை என்றாலும், வாய்வார்த்தை எந்தக் கட்டத்தில் ஒப்பந்தமாகிறது என்ற கேள்விக்கு அதைவிடத் துலக்கமான ஒரு விவகாரத்தைப் பிற்பாடு என் தொழிலில் நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹாக்கி ரசிகர்கள் ஒரு வாதத்தில் இறங்குவார்கள். அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நம் அணி எந்தப் பையனை எடுக்க வேண்டும், அவன் வளர்ந்தால் என்ன ஆவான், போன வருடம் எடுத்தது சரியா தவறா என்று பேச்சு நீளும். உயரம், வேகம், தடுப்பாட்டம் எல்லாவற்றையும் அலசும் அந்தப் பேச்சில், அந்தப் பையனுக்கு அங்கே போக விருப்பமா என்ற கேள்வி அநேகமாக வராது. சட்டப்படியும் அது வரத் தேவையில்லை. ஓர் அணி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், என்.எச்.எல். லீகின் மற்ற எந்த அணியும் அவரோடு சம்பளம் பேச முடியாது. கையெழுத்திட மறுத்தால், அன்றைய விதிப்படி இரண்டு ஆண்டுகள் காத்திருந்து மறுபடியும் டிராஃப்டுக்குள் நுழையலாம், அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய ஏற்பாடு இதைவிட மோசமானது என்பதையும் சொல்ல வேண்டும். 1963க்கு முன் டிராஃப்டே கிடையாது. கிளப்புகள் சிறுவர்களை நேரடியாகப் பிடித்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கித் தங்களோடு கட்டிப்போட்டன. பாபி ஓர் என்ற வீரர் பாஸ்டன் அணிக்கு அப்படிக் கட்டுப்பட்டபோது அவருக்கு வயது 14. அதோடு ஒப்பிட்டால், கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்ற அன்றைய டிராஃப்ட் விதி பணக்கார அணிகளின் பேராசைக்கு ஒரு கடிவாளமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடிவாளத்தின் மறுமுனை எப்போதும் பையனின் வாயிலும் இருந்தது.

மைனர்களின் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் ஐயத்தோடு பார்க்கும் பழக்கம் பழையது. ஜான் டொனெல்லி என்ற இளம் வீரர் மைனராக இருந்தபோது டொராண்டோ மார்ல்பரோஸ் அணியோடு செய்த ஒப்பந்தத்தில், பிற்பாடு தொழில்முறை வீரரானால் முதல் மூன்று ஆண்டுச் சம்பாத்தியத்தில் 20 சதவீதத்தைக் கிளப்புக்குத் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. 18 வயது நிறைந்ததும் அவர் அதை உதறிவிட்டு ஹூஸ்டன் அணிக்குப் போனார், கிளப் வழக்குப் போட்டது. அந்த ஒப்பந்தம் மைனருக்கு நன்மை செய்வதாக இல்லை, ஆகவே அவரைக் கட்டுப்படுத்தாது என்று 1979இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் டிராஃப்டில் அந்தப் பாதுகாப்புக்கு வேலையே இல்லை. அங்கே பையன் எதிலும் கையெழுத்திடுவதில்லை, அணிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அவன்மேல் வந்து உட்காருகிறது.

எரிக் லிண்ட்ராஸ் அப்படிப்பட்ட ஏற்பாட்டை இரண்டு முறை எதிர்த்தவர். 16 வயதில் ஜூனியர் லீகில் சூ செயின்ட் மரி அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தபோது போக மறுத்தார், கடைசியில் அந்த அணி அவரை ஓஷாவாவுக்கு விட்டுக்கொடுத்தது. 1991 ஜூனில் பஃபலோவில் நடந்த என்.எச்.எல். டிராஃப்டில் கியூபெக் நார்டிக்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. மேடைக்கு வந்தார், கொடுத்த ஜெர்சியைக் கையில் வாங்கிக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி பேசும் ஊரை அவமதித்துவிட்டார் என்று கியூபெக் மக்கள் கொதித்தார்கள். தன் மறுப்பு ஊரைப் பற்றியதல்ல, கிளப்பின் தலைவர் மார்செல் ஓபூவைப் பற்றியது என்று அவர் பிற்பாடு சொன்னார். அந்த ரசிகர்களின் மனவருத்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1989, 1990, 1991 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வு கிடைக்கும் அளவுக்குத் தோற்றுக்கொண்டிருந்த அணி அது. விதி கொடுத்த ஒரே ஆறுதலையும் ஒரு பையன் தட்டிவிட்டுப் போனதுபோல் அவர்களுக்குத் தோன்றியது.

ஒரு வருடம் கழித்து, 1992 ஜூன் 20 அன்று மான்ட்ரியலில் அடுத்த டிராஃப்ட் நடந்தபோது, ஓபூ முதலில் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணியோடு பேசி முடித்தார். சற்று நேரத்தில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியோடும் பேசி முடித்தார். இரண்டு அணிகளும் லிண்ட்ராஸ் தங்களுக்கே என்றன. விஷயம் நீதிமன்றத்துக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம் போனது, அவர் சொல்வதே முடிவு. ஓபூவும் ஒரு வக்கீல் என்பதால் எங்களுக்கு அதில் கூடுதல் அக்கறை இருந்தது.

பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே உள்ள கோட்டை எதை வைத்துப் போடுவது என்பதுதான் பெர்டூஸியின் முன் இருந்த கேள்வி. ஃப்ளையர்ஸோடு நடந்தது வெறும் பேரம், முடிவு அல்ல என்று ஒரு தரப்பு சொல்லலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று மறுதரப்பு சொல்லலாம். மனதில் என்ன இருந்தது என்பதை எந்த மத்தியஸ்தராலும் திறந்து பார்க்க முடியாது. செயலைத்தான் பார்க்க முடியும். அங்கேதான் அந்தத் தொலைபேசி எண் வந்தது. பேரம் முடியும்வரை எந்த அணியும் லிண்ட்ராஸோடு பேசக் கூடாது என்பது ஓபூ தானே வைத்திருந்த கட்டுப்பாடு. அப்படிப்பட்டவர் ஃப்ளையர்ஸிடம் லிண்ட்ராஸ் குடும்பத்தின் எண்ணைக் கொடுத்தார். அவர்கள் அழைத்து, பிலடெல்பியாவில் ஆடச் சம்மதமா என்று கேட்டார்கள். விலை படியாத வீட்டின் சாவியை யாரும் வாங்க வந்தவரிடம் கொடுப்பதில்லை. ஜூன் 30 அன்று பெர்டூஸி ஃப்ளையர்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. மூன்று அணிகள் மோதிய அந்த விசாரணையில் லிண்ட்ராஸ் ஒரு தரப்பே அல்ல. அவருடைய சம்மதம் கணக்கில் வந்தது உண்மை. ஆனால் அவருடைய உரிமையாக வரவில்லை, இரண்டு பேருக்கிடையிலான பேரம் முற்றுப்பெற்றதற்கான அடையாளமாக வந்தது. அதுவும்கூட, ஒரு வருடம் என்.எச்.எல். வருமானத்தை விட்டுக் காத்திருக்கத் துணிந்ததால் கிடைத்தது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கைகொடுக்கும் குடும்பமும், எல்லோரும் போட்டிபோடும் திறமையும் இருந்தன. நாற்பதாவது இடத்தில் எடுக்கப்படும் பையனுக்கு இரண்டுமே இருக்காது.

ஃப்ளையர்ஸ் கொடுத்த விலை பெரிது: ஒன்றரைக் கோடி டாலர், எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகள், ஒரு கூட்டம் வீரர்கள். அந்தக் கூட்டத்தில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்ற ஸ்வீடன் இளைஞரும் இருந்தார். அவரை 1991இல் ஆறாவதாக ஃப்ளையர்ஸ் எடுத்தபோது, இவ்வளவு முன்னால் எடுத்திருக்க வேண்டியதில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். ரசிகர்களின் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்கு அவரே போதும். லிண்ட்ராஸ் 1995இல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார். ஆனால் தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகள் அவரைச் சாய்த்தன, லீகின் சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. ஃபோர்ஸ்பெர்க் ஆடிய அணி 1996இல் அதை வென்றது. கியூபெக் மக்களுக்கு அதிலும் பங்கில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அந்த அணி கொலராடோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அணியை இடம் மாற்ற உரிமையாளருக்கு எந்த டிராஃப்டும் தடையாக இல்லை.

லிண்ட்ராஸுக்கு ஃப்ளையர்ஸ் தந்த சம்பளமும், 1993இல் ஆட்டவா அணி முதலாவதாக எடுத்த அலெக்ஸாண்டர் டேய்க் என்ற பையனுக்கு ஐந்து ஆண்டுக்கு எழுதித்தந்த 1 கோடியே 22.5 லட்சம் டாலரும் உரிமையாளர்களைத் திடுக்கிட வைத்தன. 1995இல், நீண்ட கதவடைப்புக்குப் பின் வீரர் சங்கத்தோடு அவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டில், புதிதாக வரும் வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு எடுக்கப்பட்டவர்களுக்கு அது ஆண்டுக்கு 8,50,000 டாலர். அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட சங்கத்தில், அந்த வரம்புக்குள் அடைபடப்போகிற பையன்கள் ஒருவரும் உறுப்பினர் அல்ல. அவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் சட்டம் இதை அனுமதிக்கிறது. சங்கம் இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசலாம் என்பதே அதன் நிலை. என்னிடம் வந்த இளம் வீரர்களின் பெற்றோருக்கு இந்த விதியை விளக்கியிருக்கிறேன். இதை எங்களிடம் யார் கேட்டார்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் நான் பதிலாகச் சொல்ல முடிந்தது.