அரைப் பங்கை யார் கொடுப்பது?

ஜேர்மனியில் சுயாதீனப் பத்திரிகையாளராகத் தொழில் தொடங்குவது எப்படி என்று அண்மையில் நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் கொழும்பில் ஆசிரிய பீடத்தில் என்னோடு பணியாற்றியவர். ஏனையோர் இங்கே பல்லாண்டுகளாக வாழ்ந்துவரினும், எழுத்தைத் தொழிலாகக் கொள்ளத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள். தனித்தனியே பதில் எழுதுவதிலும் பார்க்க, எனக்குத் தெரிந்ததை ஓரிடத்தில் எழுதிவைப்பது நன்று எனத் தோன்றியது.

முதலில் வதிவிட உரிமை. நான் குடும்ப ஒன்றிணைவின் வழியே வந்தவன். மனைவி இங்கே முன்னரே வசித்துவந்தார். அவ்வகை வதிவிட அனுமதி, சுயதொழில் உட்பட எத்தொழிலும் செய்யும் உரிமையைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. சுயதொழில் செய்வதற்கென்றே வர விரும்புவோர் வதிவிடச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். 45 வயதைக் கடந்தவர் எனின், முதுமைக்காலத்துக்குப் போதிய சேமிப்போ ஓய்வூதியமோ உண்டென்று காட்டவும் வேண்டும். ஆனால், இரு அரசுகளுக்கிடையிலான பழைய உடன்பாடுகளின் பயனாக, இந்த நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்ற நாடுகள் சில உள்ளன. ஜப்பான், அமெரிக்கா, துருக்கி ஆகியவற்றோடு அப்பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு உலகில் ஏதேனும் ஒரு மூலையில் சலுகை கிடைக்கும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

அடுத்தது, இந்நாட்டுச் சட்டம் சுயதொழில் செய்வோரை இரு சாதியாகப் பிரித்துவைத்திருக்கும் விந்தை. மரக்கறிக் கடை வைப்பவர் வர்த்தகர். அவர் நகரசபையில் வர்த்தகப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக்கலைஞர் போன்றோர் ‘ஃபிறைபெரூஃப்லர்’, அதாவது சுதந்திரத் தொழிலர். அவர்களுக்கு வர்த்தகப் பதிவும் இல்லை. வர்த்தக வரியும் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இத்தொழில்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் பத்திரிகையாளர், செய்திப் படப்பிடிப்பாளர், உரைபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய நால்வரும் இடம்பெற்றுள்ளனர். எங்கள் ஊரில் பெண் கொடுக்கத் தயங்கும் தொழில் இங்கே வைத்தியருக்கும் அப்புக்காத்துக்கும் அருகே நிற்கிறது.

ஆகவே எனக்கு வரி அலுவலகத்தோடு மட்டுமே அலுவல். தொழில் தொடங்கி ஒரு மாதத்துக்குள், அவர்கள் தரும் வினாக்கொத்தை இணையவழி நிரப்பி அனுப்ப வேண்டும். இங்கே பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுதும் மாறாத 11 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அது போதாது, தொழிலுக்கென வேறொரு வரி எண் வரும். சிட்டை எழுதும்போது அந்த எண், திகதி, தொடர் இலக்கம், என்ன எழுதினேன், எப்போது கொடுத்தேன் என்பன யாவும் இருக்க வேண்டும். முந்திய ஆண்டு வரவு 25,000 யூரோவுக்கு மேற்படாதவர் (2024 வரை இவ்வெல்லை 22,000) சிறு தொழில்முனைவோர் என்ற வகையில் விற்பனை வரி அறவிடாமலே இருக்கலாம். அந்தச் சலுகையை வேண்டாதவர் கட்டுரைக்கு 7 வீதம் சேர்த்து எழுதுவார். பொதுவான வீதம் 19. பதிப்புரிமையை வழங்குவது குறைந்த வரிக்குரியது என்பது இந்நாட்டு ஏற்பாடு.

இவை எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கடினமானது வேறு. முப்பது ஆண்டுகள் மாதச் சம்பளம் பெற்றவன், தான் எழுதிய ஆயிரம் சொற்களுக்கு என்ன விலை என்று தானே எழுதி, அதைத் தானே அனுப்பி, வராவிடில் தானே கேட்கவும் வேண்டும். என் முதலாவது சிட்டையைத் தபாலில் சேர்க்க மூன்று நாள் எடுத்தது.

இனி விடயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஜேர்மனியில் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அதில் அரைப் பங்கை முதலாளி கட்டுவார். சுயதொழில் செய்பவர் முழுவதையும் தாமே கட்ட வேண்டும். வருமானம் எவ்வளவு குறைவாயினும் மாதக் கட்டணம் 200 யூரோவைத் தாண்டும். ஓய்வூதியத்துக்குக் கட்ட விரும்பின் அது வேறு. பலர் சுயாதீன எழுத்தைக் கைவிட்டுப் பண்டகசாலை வேலைக்குப் போவது இவ்விடத்தில்தான்.

இதற்கு எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் மட்டும் ஒரு வழி உண்டு. வடகடலோரத்து வில்ஹெல்ம்ஸ்ஹாவன் நகரிலிருந்து இயங்கும் ‘கூன்ஸ்ட்லர் சோசியால்காசே’, அதாவது கலைஞர் சமூகக் காப்புறுதி நிதியம், ஒரு சுயாதீனப் பத்திரிகையாளரை ஊழியர் போலவே கருதுகிறது. மருத்துவம், முதியோர் பராமரிப்பு, ஓய்வூதியம் ஆகிய மூன்று காப்புறுதிகளுக்கும் அவர் அரைப் பங்கை மட்டும் கட்டினால் போதும். மற்றைய அரைப் பங்கில் 20 வீதத்தை மத்திய அரசு தருகிறது. எஞ்சிய 30 வீதம் எழுத்தை வாங்குவோரிடமிருந்து வருகிறது. பத்திரிகை, பதிப்பகம், ஒலிபரப்பு நிலையம் எதுவாயினும், சுயாதீனமாக எழுதுவோருக்குக் கொடுக்கும் ஊதியத்தின் மீது ஒரு வரியை இந்த நிதியத்துக்குச் செலுத்தியாக வேண்டும். 2023 முதல் 2025 வரை அது 5 வீதமாக இருந்தது.

இது யாரும் மனமுவந்து அளித்த கொடை அல்ல. 1969இல் கொலோன் நகரில் ஜேர்மன் எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, ஹைன்ரிஹ் போல் ‘அடக்கத்தின் முடிவு’ என்ற தலைப்பில் உரையாற்றினார். நோபல் பரிசு அவருக்கு வந்தது 1972இல். அதற்கு முன்பே, எழுத்தின் பொருளாதாரத்தைப் பற்றி எழுத்தாளன் வாய்திறந்து பேச வேண்டும் என்றார். அதன் பின்னர் எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் வாழ்நிலை பற்றிய ஆய்வறிக்கைகள் வெளியாகின. 1981இல் சட்டம் நிறைவேறி, 1983 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வரி கட்ட வேண்டியவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றனர். 1987இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்த்தது.

நான் விண்ணப்பித்தேன். அச்சில் வந்த கட்டுரைகள், சிட்டைகள், வங்கிக் கணக்கில் பணம் வந்ததற்கான சான்று என ஒரு கட்டு. ஐந்து மாதம் கழித்து ஏற்பு வந்தது. ஆண்டு வருமானம் 3,900 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் முதன்முதலாகச் சுயாதீனமாக எழுதப் புகுந்தவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் அவ்விதி இல்லை. சம்பளத்துக்கு எழுதிய காலம் கணக்கில் சேராது. எனவே 52 வயதில், தலையங்கம் எழுதிக் கை சலித்த பின், ‘தொழில் புகுமுகர்’ என்று கடிதம் வந்தது. மனைவி அதை வாசித்துவிட்டு, “பயிற்சி நிருபருக்கு வாழ்த்துகள்” என்றார்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் நினைத்தது எங்கள் பிரதேச நிருபர்களைத்தான்.

கொழும்பில் நான் ஊழியன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதம், நிருவாகத்தின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிருவாகம் 3 வீதம் கட்டியது. செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அவர்கள் பெக்ஸில் அனுப்புவர். மாத முடிவில், அச்சில் வந்ததை வெட்டித் தாளில் ஒட்டித் தபாலில் அனுப்புவர். எங்கள் மேசையில் அடிமட்டம் வைத்து அங்குலக் கணக்கில் அளந்து காசோலை எழுதப்படும். இடம் போதாமல் நாங்கள் வெட்டிய வரிகளுக்குக் காசு இல்லை. பலருக்குப் பகலில் வேறு வேலை இருந்தது. ஆசிரியராக, கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞராக. செய்தி அவர்களுக்கு இரவு வேலை.

2000 ஒக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜனும் ஒரே நிறுவனத்தின் ஊழியராக இருந்தவர் அல்லர்; பல ஊடகங்களுக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். போர்க்காலச் செய்தியின் பெரும்பகுதி அத்தகையோர் தோளிலேயே வந்தது. சுயாதீனப் பத்திரிகையாளர் என்ற சொல்லை நான் புலம்பெயர்ந்த பின் கற்றதாகச் சிலர் எண்ணுகின்றனர். எங்கள் நாட்டில் அவர்கள் எக்காலத்திலும் இருந்தனர். பெயர்தான் வேறு, ‘எங்கள் நிருபர்’ என்று போடுவோம்.

வன்னியைச் சேர்ந்த ஒருவர், எனக்கு அண்ணன் முறை வைத்து அழைக்கும் வயதினர், சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் பேசினார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவர். வெளிநாட்டு உதவி ஒன்றுக்கு விண்ணப்பிப்பதற்காக, பணிபுரிந்தமைக்கான கடிதம் கேட்டிருக்கிறார். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதபடியால் கடிதம் தர இயலாது என்று பதில் வந்ததாம். “அண்ணை, நான் ஒருநாளும் வேலை செய்யேல்லையாம்” என்றார். என் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற உதவி ஆசிரியரின் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருந்ததோ, அவர் பின்னர் சொல்லவில்லை.

இந்த நிதியத்தை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. குறைந்த வருமானம் காட்டுபவருக்குக் குறைந்த ஓய்வூதியமே கிடைக்கும். நம்மவர் பலர் செய்யும் நீதிமன்ற உரைபெயர்ப்பு, வரி அலுவலகத்துக்குச் சுதந்திரத் தொழில்; ஆனால் இந்த நிதியத்தின் வரம்புக்குள் வராது. காட்டிய வருமானம் உண்மையா என்று இடையிடையே ஆவணம் கேட்பார்கள். ஆதலால் நண்பர்கள் ஒவ்வொரு சிட்டையையும் வங்கித் தாளையும் முதல் நாளிலிருந்தே கோப்பில் இட்டுவைக்க வேண்டும்.

ஒவ்வோராண்டும் டிசம்பர் முதலாந் திகதிக்குள், வரும் ஆண்டில் எவ்வளவு உழைப்போம் என்று மதிப்பிட்டு வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்கு அறிவிக்க வேண்டும். சென்ற முறை 7,000 யூரோ என்று எழுதினேன்; அதைவிடச் சற்றுக் கூடவே வந்தது. இம்முறை 8,000 என்று எழுதியிருக்கிறேன்.