கிற்றாருக்குள் ஓர் இரைச்சல்

எழுபதுகளில் கொழும்பில் ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்வதென்றால் அதற்கென ஒரு கலையகம் வேண்டும். இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய ஒலிநாடா இயந்திரம் வேண்டும். அதனை இயக்கத் தெரிந்த ஒருவரின் தயவும் வேண்டும். இன்று இவை யாவும் ஒரு சோற்றுப் பார்சல் அளவான பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஓடியோ இன்ரபேஸ் என்று இதனை அழைக்கின்றார்கள். ஒலி இடைமுகம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒருபுறம் கிற்றாரின் வயரைச் செருகுவதற்கான துளை. மறுபுறம் கணினிக்குச் செல்லும் யூ.எஸ்.பி. வயர். கிற்றாரிலிருந்து வரும் மின்னலைவைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து இலக்கங்களாக்கிக் கணினியிடம் ஒப்படைப்பதும், கணினி திருப்பித் தருவதை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவதுமே இதன் தொழில்.

செருகுங்கள், வாசியுங்கள் என்ற பொருள்பட ஒரு துண்டுப் பிரசுரம் பெட்டியோடு வந்திருந்தது. செருகியதற்கும் வாசித்ததற்கும் இடையில் நான்கு நாட்கள் கழிந்தன.

வாழ்நாள் முழுவதும் பத்திரிகைகளில் எழுதியதைத் தவிர வேறெந்தக் கருவியையும் இயக்கி அறியாத எனக்கு இப்பெட்டி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இது எனக்கானதல்ல. என்னிலும் நான்கு வயது மூத்த நண்பர் ஒருவருக்கானது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் ஊரெங்கும் ஒலித்த அந்தப் பொப்பிசைக் காலத்தில், கலியாண வீடுகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் மின்கிற்றார் வாசித்தவர் அவர். 1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த நாட்களில், மொரட்டுவைத் தச்சர் ஒருவர் செய்து கொடுத்த மரக்கட்டையில், கப்பலில் வேலை செய்த உறவினர் கொண்டுவந்த பிக்கப்பைப் பூட்டி வாசித்தார். அம்பிளிபயர் வாங்க வசதியில்லை. பழைய வால்வு வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் கிராமபோனுக்கென இருந்த துளையில் வயரைச் செருகி அதையே அம்பிளிபயர் ஆக்கினார். அவர் சொந்தமாக அமைத்த மெட்டுகள் நான்கு இருந்தன. அவற்றைப் பதிந்து வைத்த ஒலிநாடாக்கள் 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீட்டோடு சேர்ந்து எரிந்தன. அதன்பின் கனடா.

சென்ற ஆண்டு மூன்று வார விடுமுறையில் வந்தவர் தம் கிற்றாரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நீரிழிவு காரணமாக இடது கை விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. "அடுத்த முறை வரேக்கை இந்த விரல் தந்தியை அமத்துமோ தெரியாது தம்பி. அந்த நாலையும் இஞ்சை வைச்சே பதிஞ்சு போடுவம்" என்றார். பெட்டியை வாங்கினேன்.

முதல் நாள் ஒன்றுமே பதியவில்லை. தந்தியைத் தட்டும்போது பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு மினுங்கியது. திரையிலோ ஒரு நேர்கோடு மட்டும். "பெட்டி செத்துப் போச்சோ?" என்றார் நண்பர். பச்சை விளக்கு எரிவதால் கிற்றார், வயர், துளை ஆகிய மூன்றையும் சந்தேகப்பட்டியலிலிருந்து நீக்கலாம். குற்றம் பெட்டிக்கும் மென்பொருளுக்கும் இடையில்தான். இன்றைய கணினிகளில், எந்த மென்பொருள் ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாம் என்பதற்கு இயங்குதளம் தனியாக அனுமதி கேட்கும். ஒற்றுக்கேட்பதைத் தடுக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு. ஆனால் கிற்றாரையும் அது ஒலிவாங்கியாகவே எண்ணுகிறது. அமைப்புகளுக்குள் சென்று அனுமதியைத் திறந்ததும் கோடு துள்ளியது. இடையில் ஒரு யூ.எஸ்.பி. பிரிப்பான் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகுவது நல்லது. பெட்டிக்கு வேண்டிய மின்சாரமும் அந்த வயராலேயே வருகிறது.

ஒலி வந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக வந்தது. "கிணத்துக்குள்ளை இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். இதன் காரணம் சுவையானது. கிற்றாரின் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றித் தலைமயிரளவு மெல்லிய செப்புக் கம்பியை ஏறக்குறைய எட்டாயிரம் தடவை சுற்றிய ஒரு சுருள். அதில் பிறக்கும் மின்னலைவு மிக மெலிந்தது, சுமை தாங்காதது. உயர்ந்த சுரங்களில் அச்சுருளின் தடங்கலே பல பத்தாயிரம் ஓம் வரை ஏறிவிடும். கீபோர்ட் போன்ற கருவிகளுக்கான லைன் துளையின் தடங்கல் பொதுவாகப் பத்தாயிரம் ஓம் அளவுதான். அதிற் செருகினால் ஒலியின் மேற்பகுதி முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். கிற்றாருக்குத் தேவை பத்து இலட்சம் ஓம் அளவான துளை. அதற்காகவே பெட்டியின் முன்புறத்தில் 'இன்ஸ்ட்' என்று சுருக்கி எழுதிய ஒரு சிறு பொத்தான் இருக்கின்றது. துண்டுப் பிரசுரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுத்தியதும் கிணறு மறைந்தது. அருகிலிருக்கும் '48 வோல்ற்' என்ற பொத்தான் கிற்றாருக்குரியதல்ல. அது சிலவகை ஒலிவாங்கிகளுக்கு மின்சாரம் கொடுப்பது.

இடது காதில் மட்டும் கிற்றார் கேட்டதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மென்பொருளில் அந்தத் தடத்தை மோனோ என்று மாற்றினால் தீர்ந்தது.

தாமதம் அவ்வளவு இலகுவில் விடவில்லை. தந்தியைத் தட்டினால் சற்றுப் பிந்தியே ஹெட்போனில் ஒலித்தது. "நான் அடுத்த தட்டுக்குப் போனாப் பிறகுதான் முந்தினது கேக்குது. இதோடை எப்பிடிப் பைலாவுக்குத் தாளம் பிடிக்கிறது?" அவர் கேட்டது நியாயம். கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாள்வதில்லை. ஒரு வாளி நிறைந்த பின்பே தூக்கிச் செல்கின்றது. வாளியின் அளவு 1,024 மாதிரிகள் என்றால் அது நிரம்ப 23 மில்லி செக்கன். திரும்பி வருவதற்கு இன்னொரு 23. மொத்தத்தில், அம்பிளிபயரைப் பதினைந்து பதினாறு மீற்றர் தொலைவில் வைத்துவிட்டு வாசிப்பதற்கு ஒப்பானது. வாளியை 128 ஆகக் குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லி செக்கனுக்கும் குறைவு. ஆயின் மிகவும் சிறிதாக்கினால் கணினி மூச்சுவாங்கி 'படக் படக்' என்று வெடிக்கும். விண்டோஸ் கணினியாயின் பெட்டிக்குரிய ஏ.எஸ்.ஐ.ஓ. செலுத்தி மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். ஜேர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1997இல் வகுத்த இம்முறை, இயங்குதளத்தின் ஒலிப் படிகளைச் சுற்றிச் செல்லாமல் குறுக்கே செல்கின்றது. எங்களுக்கு 128 பொருந்தியது.

இனிப் பதியலாம் என்று நினைத்தோம். பதிந்ததைக் கேட்ட நண்பர், "இது கிற்றார் இல்லைத் தம்பி, தகரம்" என்றார். நேரடியாகப் பதியும் மின்கிற்றார் அப்படித்தான் ஒலிக்கும். நாம் மின்கிற்றாரின் ஒலி என்று அறிந்திருப்பதில் பாதி அம்பிளிபயரினதும் அதன் ஸ்பீக்கரினதும் ஒலி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்தக் குறையே அதன் அழகு. இப்போது அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் பாவனை செய்யும் மென்பொருட்கள், இலவசமாகவும்கூடக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பழைய வால்வு அம்பிளிபயரைத் தேர்ந்து, அதன் விசையைச் சற்றுக் கூட்டினோம். நண்பரின் முகம் மலர்ந்தது. கூடவே 'ம்ம்ம்' என்ற ஓர் இரைச்சலும் எழுந்தது. அதுவரை அடியில் ஒளிந்திருந்ததை அம்பிளிபயர் பெரிதாக்கிக் காட்டிவிட்டது.

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த ஐம்பது, இசைக்காரருக்கு ஒரு சுரம். தாழ்ந்த ஜி சுரத்துக்குச் சற்று மேலே நிற்பது. நண்பரின் மெட்டுகளில் இரண்டு ஜி சுரத்திலேயே அமைந்தவை. ஆகவே வீட்டு மின்சாரம் அவரோடு சேர்ந்து, ஆனால் சுருதி பிசகி, வாசித்துக்கொண்டிருந்தது.

ரியூப் லைட்டை அணைத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். குளிர்சாதனப் பெட்டியைக்கூட அரைமணி நேரம் உறங்க வைத்தோம். ஒவ்வொன்றாகச் செய்வது முக்கியம். இரண்டை ஒருமிக்க மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. இரைச்சல் கொஞ்சம் மாறியது, போகவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். நண்பர் தந்தியில் கை வைத்தால் இரைச்சல் குறைந்தது. கையை எடுத்தால் கூடியது.

"தந்தியைத் தொடேக்கை ஏதாவது தெரியுதோ அண்ணை?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். "வலது கை விரலிலை ஊசி குத்துற மாதிரி இருக்கு. அது என்ரை வருத்தம். சீனி வருத்தம் இடது கையிலை துவங்கினது, இப்ப வலதுக்கும் வந்திட்டுது போலை. மூண்டு நாளா இருக்கு. வீட்டிலை சொல்லேல்லை."

மூன்று நாட்கள். நாங்கள் பதியத் தொடங்கியதும் மூன்று நாட்களுக்கு முன்னர்தான்.

மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றினேன். இரைச்சலின் பெரும்பகுதி அப்படியே அறுந்து நின்றது. "இப்ப தொட்டுப் பாருங்கோ அண்ணை" என்றேன். தொட்டார். மீண்டும் தொட்டார். ஐந்து விரல்களாலும் ஆறு தந்திகளையும் தடவிப் பார்த்தார். "இப்ப குத்தேல்லை" என்றார். பிறகு கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பலகணிக்குப் போய்விட்டார். நான் பின்தொடரவில்லை.

சார்ஜரை மீண்டும் செருகி, டெஸ்ரர் திருகாணிச் செலுத்தியைத் தந்தியில் வைத்தபோது அதன் சிறு விளக்கு மங்கலாக எரிந்தது. நடந்தது இதுதான். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கொள்ளளவிகள் மிகச் சிறிய மின்னோட்டமொன்றை ஏர்த் வயர் வழியே நிலத்துக்கு அனுப்பும். சுவரிலுள்ள பிளக் பொயின்றில் ஏர்த் இணைக்கப்படாவிட்டால் அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடமில்லை. கணினியின் உலோக உடலில் ஏறி, யூ.எஸ்.பி. வயர் வழியே பெட்டிக்கும், அங்கிருந்து கிற்றாரின் தந்திகளுக்கும் வந்து, வாசிப்பவரின் விரல்வழியே வழி தேடும். மறுநாள் வந்த மின்தொழிலாளி பிளக் பொயின்றைத் திறந்து காட்டினார். மூன்று துளைகளும் இருந்தன. மூன்றாவதற்குரிய பச்சை வயர் உள்ளே வெட்டி மடித்துவிடப்பட்டிருந்தது. வீட்டைக் கட்டிய காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

இதனைச் சிறு குத்தல் என்று அலட்சியம் செய்யலாகாது. அன்று கசிந்தது அற்ப அளவு. ஏர்த் இல்லாத இடத்தில் உண்மையான பழுதொன்று நேர்ந்தால் முழு 230 வோல்ற்றும் அதே தந்தியில் ஏறும். 1972 மே மாதம் பிரித்தானியாவின் சுவான்சி நகரில், ஸ்ரோன் த குறோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் கிற்றாரை ஏந்தியபடி ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்தாக்கி இறந்தார். இரைச்சலைப் போக்கவென்று பிளக்கின் ஏர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் எங்கள் ஒலிபெருக்கிக்காரர் சிலரிடமும் உண்டு. அது இரைச்சலுக்குப் பதிலாக உயிரை விலை வைப்பது.

பச்சை வயரை இணைத்த பின்னரும் ஒரு மெல்லிய முனகல் மிஞ்சியது. அது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பிறவிக்குணம். காற்றிலுள்ள மின்காந்த அலைகளையும் அச்சுருள் பிடித்துக்கொள்ளும். இதற்கு மருந்தாக 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து 'ஹம்பக்கர்' என்ற பிக்கப்பை உருவாக்கினார். நண்பரின் கிற்றாரில் அது இல்லை. ஆளியை இரு பிக்கப்புகளுக்கிடையே வைத்தால் அக்கிற்றாரிலும் முனகல் அடங்கியது. ஆனால் "அந்தச் சத்தம் வேறை" என்று மறுத்துவிட்டார். கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தோம். யன்னலுக்கு முதுகு காட்டி, கணினியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி அமர்ந்தபோது முனகல் ஏறக்குறைய மறைந்தது. அந்த இடத்தில் நிலத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இட்டேன்.

அன்றிரவே பதிந்தோம். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லுக்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்குமாறு விசையை வைத்தோம். சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. அம்பிளிபயர் மென்பொருளின் ஒலியை அவர் ஹெட்போனில் கேட்டார். கோப்பில் விழுந்ததோ அந்தத் தகர ஒலிதான். அதனை அப்படியே வைத்திருந்தால் நாளை எந்த அம்பிளிபயரையும் அதற்கு அணிவிக்கலாம். நிமிடத்துக்கு எட்டு மெகாபைற் அளவில், மூன்று மெட்டுகளும் முழுமையாகக் கிடைத்தன. இப்போது அவை மூன்று வெவ்வேறு வீடுகளில், இரண்டு நாடுகளில் இருக்கின்றன.

நான்காவதன் நடுப்பகுதியில் மோதிர விரலை அகல விரிக்கவேண்டிய ஓரிடம் உண்டு. ஒன்பது தடவை முயன்றார். விறைப்பு நோயினுடையது, அதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. பத்தாவது தடவை கிற்றாரை உறைக்குள் வைத்துவிட்டார். அந்த இடத்தைப் பேரன் வாசிப்பான், தான் சொல்லிக்கொடுப்பேன் என்றார். பேரனிடமும் இதே போன்றதொரு பெட்டி இருக்கின்றதாம். ரொறன்ரோவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே இரைச்சல் ஜி சுரத்தில் வராது, பி சுரத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் என்று சொன்னேன். "அப்ப மெட்டோடை சண்டை பிடிக்காது" என்றார்.