பொறுத்துக்கொள்ளாதே, கண்ணே!

"நாற்பத்தொரு வயசிலே கடலுக்குள்ளே குதிக்கப் போறியா? உனக்கென்ன பித்துப் பிடிச்சிருக்கா?" என்று என் அம்மா தொலைபேசியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். என் கணவரோ, "ரெண்டு பேரும் போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?" என்று சிரித்தபடியே சம்மதித்துவிட்டார்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது புதுச்சேரியில். என் மகளுக்கு 12 வயது. பள்ளித் தோழி ஒருத்தி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வந்து கதை கதையாய்ச் சொல்ல, இவளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. முதுகில் காற்று அடைத்த சிலிண்டரைச் சுமந்துகொண்டு, அதிலிருந்து வரும் குழாய் வழியே வாயால் மூச்சு விட்டபடி கடலுக்கடியில் நீந்துவதுதான் ஸ்கூபா. பத்து வயது நிறைந்தால்தான் இந்த வகுப்பில் சேர்ப்பார்கள். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்துப் போடப் போன என்னிடம், "நீங்களும் சேர்ந்துக்கலாமேம்மா! நீச்சல் தெரியுமில்லே?" என்றார் பயிற்சியாளர். ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீந்திப் பழகியவளாயிற்றே நான்! ரோஷம் வந்துவிட்டது. சேர்ந்துவிட்டேன்.

முதல் சோதனை தண்ணீரில் இல்லை, காகிதத்தில். உடல்நலப் படிவத்தில் 'ஆஸ்துமா உண்டா?' என்று ஒரு கேள்வி. ஆறு வயது வரை என் மகளுக்கு இளைப்பு வந்ததுண்டு. அப்புறம் வரவேயில்லை. 'இல்லை' என்று போட்டுவிட்டால் என்ன? என் பேனா தயங்கியது.

"அம்மா, எனக்குத்தான் வந்திருக்கே!" என்றாள் மகள் பளிச்சென்று. வெட்கத்தோடு உண்மையை எழுதினேன். டாக்டர் மூச்சுப் பரிசோதனை செய்து, எழுத்து மூலம் அனுமதி கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மாதம் தாமதம். ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீச்சல் குளத்தில் பாடம் ஆரம்பமாயிற்று. முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது நெஞ்சுக்குள் விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். இரண்டாவது விதி: இறங்க இறங்கக் காது அடைக்கும், வலி வருமுன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். வலித்தால் நின்றுவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம்.

மூன்றாவது, சைகைகள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நலம்'. விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'! இது தெரிந்தும், குளத்தடியில் அவள் அழகாக நீந்தியதைப் பார்த்து, 'பலே' என்று நான் கட்டை விரலை உயர்த்த, அவள் சமர்த்தாக மேலே போய்விட்டாள். பயிற்சியாளரிடம் டோஸ் வாங்கியது நான்தான்.

பிறகு கடல். படகிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நாலு மீட்டர்கூட இருக்காது, மகள் நின்றுவிட்டாள். கையை ஆட்டினாள், காதைக் காட்டினாள். எனக்குள் எழுந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா சகோதரிகளே? 'கொஞ்சம் பொறுத்துக்கோடி!'

நல்லவேளை, வாயில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு உறைத்தது. செருப்பு கடித்தபோதும், வகுப்பில் வயிறு வலித்தபோதும் இவளிடம் எத்தனை முறை இதைச் சொல்லியிருப்பேன்! என் அம்மா எனக்குச் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா. பெண் பிள்ளைக்குப் பொறுமைதான் நகை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கேயோ, பொறுத்துக்கொண்டால் காது போய்விடும்.

அவள் கையைப் பிடித்தேன். பயிற்சியாளர் தலையசைக்க, ஒரு மீட்டர் மேலே ஏறினோம். மூக்கைப் பிடித்து ஊதினாள். கண் மலர்ந்தது. விரலில் வளையம்! மெல்ல மெல்ல இறங்கினோம். பாறையோரம் கூட்டம் கூட்டமாய்ச் சங்கரா மீன்கள். குழம்பில் மட்டுமே பார்த்த மீனை உயிரோடு பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்து, மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது!

மறுநாள் காலை எனக்கு மூக்கடைப்பு. பணம் கட்டியாச்சு, படகும் கிளம்பியாச்சு. சமாளித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டி, புருவத்தை உயர்த்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்புக்கொண்டேன். அவள் பயிற்சியாளருடன் இறங்கினாள். நான் படகில் உட்கார்ந்து, மேலே வரும் நீர்க்குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கிப் பாடத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் முடித்தேன்.

பிள்ளைகளோடு இதைக் கற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜலதோஷம் இருந்தால் இறங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. கடலுக்குள் போய் வந்த கையோடு விமானம் ஏறாதீர்கள். பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

இப்போது அந்தச் சைகை எங்கள் வீட்டுப் பாஷையாகிவிட்டது. போன மாதம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டினாள். மாதாந்திர வலி. 'எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே' என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, வெந்நீர்ப் பை கொடுத்துப் படுக்க வைத்தேன். அடிக்கடி இப்படி வந்தால் டாக்டரிடம் போவோம் என்றும் சொன்னேன்.

நேற்று எனக்கு இடுப்பு வலி. அடுப்படியில் நின்றபடியே கையை ஆட்டினேன். "இதென்ன புது நாட்டியம்?" என்றார் என் கணவர்.

"அம்மாவுக்கு முடியலையாம்ப்பா. இன்னிக்கு நீங்கதான் சோறு வைக்கணும்!" என்றாள் மகள்.

சோறு கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது. விரலை வளையமாக்கிக் காட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.