குழலின் அடியில் பிறந்த தேதி

குடகில் துப்பாக்கிக்கும் குத்துவிளக்குக்கு முன்னால் இடம் உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்பொள்து பண்டிகையன்று வீட்டில் இருக்கும் ஆயுதங்களைத் துடைத்து, சந்தனம் பூசி, பூ வைத்து வழிபடுவார்கள். புத்தரி அறுவடை விழாவில் முதல் கதிரை அறுக்கும்போது வானத்தை நோக்கி வேட்டுக் கிளம்ப வேண்டும். 1861-ல் ஆங்கிலேய நிர்வாகம் கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. அந்தச் சலுகையை 2019-ல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தச் சலுகைக்கு ஒரு பக்க விளைவு உண்டு. பிற ஊர்களில் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தால், அதன் தயாரிப்பாளர் யார், எண் என்ன என்பதை லைசென்ஸ் புத்தகம் சொல்லிவிடும். குடகின் பழைய வீடுகளில் பல துப்பாக்கிகளுக்கு அப்படிப்பட்ட காகிதமே கிடையாது. காகிதம் இருக்க வேண்டிய இடத்தில் கதை இருக்கிறது.

விராஜ்பேட்டை பக்கம் ஒரு காப்பித் தோட்டக்காரர் வீட்டில் இருந்த கதை இது: 1911, டெல்லி தர்பார் நடந்த வருஷம். கொள்ளுத் தாத்தா ஒரு புலியை அடித்தார். பக்கத்து எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை மகிழ்ந்து, தன் கைத்துப்பாக்கி போலப் பாதுகாத்து வந்த பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார். வீட்டுக் கூடத்தில் தொங்கிய துப்பாக்கியில் இதற்குச் சாட்சியும் இருந்தது. இரண்டு குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் பெங்களூர்க் கடை ஒன்றின் பெயர் ஆங்கிலத்தில். குழலுக்கு அடியில் குட்டிக் குட்டியாகக் கிரீடங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கிரீடம் என்றே மூன்று தலைமுறையும் நம்பியது. ‘3 27’ என்று இருந்ததைத் துப்பாக்கியின் எண் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2022-ல் புத்தரிக்கு முன்பு, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இந்தத் துப்பாக்கியால்தான் வேட்டுப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடையில் வாங்கிய புதுத் தோட்டா அறைக்குள் சுலபமாக நுழைந்தது. ஆனாலும் அப்பாவுக்குத் தயக்கம். பல வருஷம் சுடப்படாத இரும்பு. சுட்டால் தாங்குமா என்று கேட்க, மைசூரில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் எடுத்துச் சென்றார்.

முதியவர் பட்டையில் இருந்த பெயரைப் பார்க்கக்கூட இல்லை. முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுத்து, கவிழ்த்து மேஜை மேல் வைத்தார். மேலே இருப்பது பெரும்பாலும் விற்றவரின் பெயர் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். பெரிய நகரங்களின் துப்பாக்கி வியாபாரிகள் ஐரோப்பாவிலிருந்து சரக்கு தருவித்தார்கள். பலர் அதில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ஜெர்மன் ஆயுதங்களும் இந்த வழியாகத் தாராளமாக வந்தன. 1914 ஆகஸ்ட் 26-ல் வங்கப் புரட்சியாளர்கள் கடத்திய 50 ஜெர்மன் மவுசர் பிஸ்டல்கள், கல்கத்தாவின் ரோடா கம்பெனிக்கு வந்திறங்கிய சரக்குதான்.

பூதக்கண்ணாடியில் முதலில் தெரிந்தது, ஒன்றோடொன்று பின்னிய மூன்று வளையங்கள். எஸ்ஸன் நகரத்து க்ரூப் உருக்காலையின் அடையாளம் அது. இதைப் பார்த்ததும் துப்பாக்கியைச் செய்தவர் க்ரூப் என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் குழலுக்கான எஃகு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. துணி எந்த மில்லில் நெய்தது என்று தெரிந்தால் சட்டை தைத்த டெய்லர் யார் என்று தெரிந்துவிடுமா?

அடுத்து, கிரீடங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்து. இங்கிலாந்து மன்னருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1891-ல் ஜெர்மன் சாம்ராஜ்யம் ஒரு சட்டம் போட்டது. 1893 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்தச் சட்டப்படி, விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசுச் சோதனைச் சாலையில், வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். வெடிக்காமல் தாங்கினால் முத்திரை. கிரீடத்தின் கீழ் ‘யு’ இருந்தால் சோதனைக்குப் பின் பரிசீலிக்கப்பட்டது. ‘எஸ்’ என்றால் ரவை சுடும் குழல். ‘டபிள்யு’ என்றால் ரவை அதிகம் சிதறாமலிருக்க முனை சற்றுக் குறுக்கப்பட்ட குழல். ‘ஜி’ என்றால் உள்ளே வரி வெட்டிய ரைபிள் குழல். வட்டத்துக்குள் இருந்த 12, குழலின் அளவு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை என்ன விட்டம் இருக்குமோ, அது. ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

கிரீடத்தைப் பார்த்துக் கைசர் காலத்துத் துப்பாக்கி என்று முடிவு செய்வதும் தவறாகலாம். 1918-ல் கைசர் முடி துறந்தார், ஜெர்மனி குடியரசானது. ஆனால் சோதனைச் சாலையின் முத்திரை அச்சுகளில் கிரீடம் அப்படியே இருந்தது. 1939-ல் வந்த புதிய சட்டம் 1940 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த இடத்தில் கழுகு உட்கார்ந்தது. ஆக, கிரீடம் மட்டும் இருந்தால் 1893-க்கும் 1940-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

இந்த இடைவெளியை அடைத்தது ‘3 27’. அது துப்பாக்கியின் எண்ணே அல்ல. சோதனை நடந்த மாதமும் வருஷமும். 1927 மார்ச். துப்பாக்கிக்கு அதுதான் பிறந்த தேதி.

பிறந்த ஊர், துரிங்கியாவின் சூல் வட்டாரம் என்றார் முதியவர். 1751-ல் தொடங்கிய சாவர் உட்படப் பல பெயர் பெற்ற கம்பெனிகள் வளர்ந்த இடம். ஆனால் சூலில் ஒரு துப்பாக்கி ஒரே கூரையின் கீழ் உருவாக வேண்டும் என்பதில்லை. குழல் செய்தவர் ஒருவர், விசைப் பூட்டு செய்தவர் ஒருவர், கட்டை இழைத்தவர் ஒருவர், பூவேலை செதுக்கியவர் ஒருவர். வீட்டுப் பட்டறைகளிலேயே நடந்த வேலைகளும் உண்டு. இந்தத் துப்பாக்கியில் செய்தவர் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியது, குழலின் அடியில் குழல் செய்தவரின் இரண்டு இனிஷியல் எழுத்துகள் மட்டுமே. 1945-ல் சூலை முதலில் அமெரிக்கப் படையும், சில மாதங்களில் சோவியத் படையும் எடுத்துக்கொண்டன. பிறகு கம்பெனிகள் தேசியமயமாயின. சாவர் மேற்கு ஜெர்மனிக்கு இடம் பெயர்ந்தது. இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு பட்டறையின் கதவைத் தட்டும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

தோட்டக்காரர் வீடு திரும்பியபோது தோட்டா விஷயம் பின்னுக்குப் போய்விட்டது. கொள்ளுத் தாத்தா 1918-ல் விஷக் காய்ச்சலில் இறந்தவர். 1927-ல் சோதனைச் சாலையை விட்டு வெளியே வந்த துப்பாக்கியை அவர் தொட்டிருக்கவே முடியாது. புத்தரிக்குப் புத்தரி கதையைச் சொல்லி வந்தவர், அவருடைய மகனான தாத்தா. தாத்தாவின் மகள், வீட்டின் 84 வயது அத்தை, செய்தியைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போனார். “அப்படின்னா எங்கப்பா இத்தனை வருஷம் பொய் சொன்னாரா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அன்று இரவு அத்தை சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் தன் டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வரச் செய்தார். உள்ளே தோட்டத்துக் கணக்கு நோட்டுகள், தாத்தாவின் கன்னடக் கையெழுத்தில். ஆட்கூலி, உரம், காப்பி விற்ற வரவு என்று ஓடும் பக்கங்களில், 1928-ம் வருஷ நோட்டில் ஒரு வரி கிடைத்தது. பெங்களூர்க் கடையில் துப்பாக்கி வாங்கிய செலவு. பழையதைக் கொடுத்தது போக மீதி.

ஆக, பழையது ஒன்று இருந்திருக்கிறது. துரை கொடுத்தது அதுதான் என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். அதை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு மைசூர் முதியவர் போனில் காரணம் சொன்னார். அந்தக் காலத்துப் பழைய துப்பாக்கிகளில் பலவற்றுக்கு, இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழல். கரி மருந்துக்குச் செய்யப்பட்டது. புகையில்லாத நைட்ரோ மருந்துத் தோட்டா பரவிய பிறகு அதைச் சுடுவது ஆபத்து. புதிய துப்பாக்கியிலோ நைட்ரோ சோதனைக்கான ‘என்’ முத்திரை இருக்கிறது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் 23 வயது இளைஞர் செய்தது விவேகமான காரியம்.

பொய் சொன்னாரா என்ற கேள்விக்கு அத்தையே பதிலும் வைத்திருந்தார். “எங்கப்பா ஒரு நாளும் ‘இந்தத் துப்பாக்கி’ன்னு சொன்னதில்லை. ‘நம்ம துப்பாக்கி’ன்னுதான் சொல்வார். சுவரைப் பார்த்துக்கிட்டே கேட்டது நீங்க!” துரை துப்பாக்கியைக் கொடுத்தபோது தாத்தாவுக்கு ஆறு வயது. அப்பாவை இழந்தபோது பதின்மூன்று. அவர் காத்து வந்தது கதையை. இரும்பு மாறியதைக் கணக்கில் மறைக்கவும் இல்லை.

அந்தப் புத்தரிக்கு வேட்டுப் போட்டது வேறு துப்பாக்கி. முதியவர் அளவுகோல் விட்டுப் பார்த்ததில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான் இருந்தது. மகன் வாங்கி வந்ததோ 70 மில்லிமீட்டர் தோட்டா. அந்த நீளம் சுட்ட பின் வாய் விரிந்த தோட்டாவுக்கு உரியது. மடித்த வாயோடு இருக்கும்போது குட்டையான அறையிலும் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. 1940-க்கு முந்திய ஜெர்மன் துப்பாக்கிகளில் அறையின் நீளம் பொறிக்கப்படாததால், அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

தோட்டக்காரர் 1928-ம் வருஷ நோட்டில் தாத்தாவின் வரிக்குக் கீழே மூன்று வரிகள் எழுதி வைத்தார். செய்த இடம்: சூல், ஜெர்மனி. சோதனை: 1927 மார்ச். தோட்டா: 65 மில்லிமீட்டர் மட்டும். அத்தை பக்கத்தில் நின்று நான்காவது வரி ஒன்றையும் எழுத வைத்தார்: புலிக்காகக் கிடைத்தது இதற்கு முந்தையது.