'தன்னானே' சொல்லித் தந்த பாடம்

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

காவிரி பாயும் சோழ வளநாட்டில் இசைக்கா பஞ்சம்? தஞ்சை நால்வர் வாழ்ந்த மண் இது. ஆண்டுதோறும் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை நடக்கும் மண் இது. இவற்றையெல்லாம் பள்ளியில் படித்தேன், தேர்வும் எழுதினேன். ஆனால் முழங்கால் அளவுச் சேற்றில் நின்றுகொண்டு என் தாய் பாடுவதும் இசைதான் என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னது ஒரு பாட்டுக் குழு. அதன் பெயர் 'தன்னானே'.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அது பொய். என் தாய் நடவுக்குப் போவார், களையெடுக்கப் போவார், ஊரில் சாவு விழுந்தால் முதல் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. அந்தக் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆயினும் அந்தக் குரல் என் தோழியர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அஞ்சினேன். படிப்பு எனக்குத் தந்த முதல் பரிசு இந்த அச்சம்தானோ?

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நாட்டுப்புறப் பாடல் போட்டி நடந்தது. நானும் பெயர் கொடுத்தேன். பாடியதோ 2008-இல் வந்த 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க' பாட்டு! கைதட்டலுக்குக் குறைவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் தமிழ் ஐயா அருகில் அழைத்தார்.

"நல்லாப் பாடினேம்மா. ஆனா இது சினிமாப் பாட்டாச்சே! இதைப் பாடின சின்னப்பொண்ணு நம்ம தஞ்சாவூர்ல இருக்கிறவங்கதான், தெரியுமா? அவங்க எந்த வழியா வந்தாங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். மறுநாள் 'வடு' என்ற நூலை என் கையில் கொடுத்தார்.

அந்நூல் முனைவர் கே. ஏ. குணசேகரனின் தன்வரலாறு, 2005-இல் வெளிவந்தது. அவர் 1955-இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தை என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்ததால் தெருவிலும் கிணற்றடியிலும் பட்ட காயங்களையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வறுமையோடு போராடிப் படித்து, நாட்டுப்புறக் கலைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியின் தலைவராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 'பலி ஆடுகள்' என்னும் நாடகத்தையும் எழுதினார். பட்டமும் பதவியும் வந்த பின்னரும் பறையையும் பாட்டையும் கைவிடவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. நானோ பட்டம் வருவதற்கு முன்பே கைவிட்டவள்!

அவர் நடத்திய குழுவே 'தன்னானே'. பெயரைப் பாருங்கள்! அது அகராதிச் சொல் அன்று. நடவு வயலில் முதலடி எடுப்பவர் அடுத்த அடியை நினைத்துக்கொள்ளும் இடைவெளியில், மற்றவர்கள் மெட்டை விடாமல் பிடித்திருக்கப் பாடும் ஒலி. ஒருவர் பாட்டாக இல்லாமல் எல்லோர் பாட்டாகவும் இருப்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஒலியையே குழுவின் பெயராக வைத்தார்.

ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டினார். 1980-களில் முற்போக்கு இயக்கங்களின் கலை மேடைகளிலும், பின்னர் தலித் இயக்க மேடைகளிலும் குழு பாடியது. ஒலிநாடாக்கள் வழியாக அப்பாடல்கள் சிற்றூர்களையும் எட்டின. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடல் குணசேகரன் குரலில்தான் தமிழ்நாடெங்கும் பரவியது. கீழ்வெண்மணியின் நினைவோடு சேர்த்தே பேசப்படும் பாடல் அது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்களே, அந்த வெண்மணி அன்றைய நம் தஞ்சை மாவட்டத்து ஊர்தான். என் பாட்டி இன்றும் அந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார். தாழ்ந்த குரலில் பேசியதை உயர்ந்த குரலில் பாடலாம் என்று காட்டியது 'தன்னானே'.

2016 சனவரி 17-இல் குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் இன்குலாப்பும் மறைந்தார். பாடியவரும் போனார், எழுதியவரும் போனார். அத்தோடு முடிந்துவிட்டதா? வேதியியல் மாணவி என்பதால் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: வினை முடிந்தபின் வினையூக்கியை யாரும் தேடுவதில்லை, வினைபொருளே கண்ணில் படுகிறது. கோயில் திருவிழாக்களில் பாடிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுவின் திறமையை அடையாளம் கண்டு ஊக்கியவர் குணசேகரன். அந்தக் குரல் திரைப்படத்திற்குச் சென்றது. 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் பாடலிலும் ஒலித்தது. நான் போட்டியில் பாடியது வெறும் சினிமாப் பாட்டு அன்று. அதற்குள்ளும் ஒரு வயல்காட்டுக் குரல் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நூலை முடித்த அன்று இரவு அம்மாவிடம், "நடவுப் பாட்டு ஒண்ணு பாடும்மா, எழுதிக்கிறேன்" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார். "சும்மா உக்காந்தா எப்படி பாப்பா வரும்? குனிஞ்சாத்தான் வரும்."

புரட்டாசியில் சம்பா நடவு. ஒரு சனிக்கிழமை அம்மாவோடு வயலில் இறங்கினேன். அப்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் விளங்கிற்று. பாட்டின் அடி நீளம் மூச்சின் நீளம். நாற்றை ஊன்றும்போது ஓர் அழுத்தம்; கை எடுக்கும்போது ஓர் இழுப்பு. கையில் இருக்கும் முடி தீர்ந்தால் பாட்டும் நிற்கிறது. அடுத்த முடியைப் பிரித்தால் தொடர்கிறது. முன்பு இருபது பேர் இறங்கிய வயலில் அன்று எட்டுப் பேர்தான். அடுத்த வயலில் நடவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் இரண்டு அடிகள் என் காதில் விழவே இல்லை. இயந்திரத்தைப் பழிக்க மாட்டேன். என் தாயின் முதுகுவலி எனக்குத் தெரியும். ஆனால் குனிந்தால் மட்டுமே வரும் பாட்டு, குனிய வேண்டாத நாளில் எங்கே போகும்?

இதற்கு 'தன்னானே' ஒரு விடை சொல்லியிருக்கிறது என்றே எண்ணுகிறேன். வயலில் குனிந்து பாடியதை மேடையில் நிமிர்ந்து பாடுவதே அந்த விடை. ஏட்டில் எழுதி அலமாரியில் பூட்டினால் பாட்டு பிழைக்காது. பாடியவர் வீட்டுப் பிள்ளைகள் நாணாமல் பாட வேண்டும்.

"எங்க காலேசுக்கு வந்து பாடுறியாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நான் மேடையில நின்னா நாத்தை யாரு நடுறது? நீ பாடு" என்றார்.

இதுவரை பதினொரு பாட்டுகளை எழுதி வைத்திருக்கிறேன். வரும் போட்டியில் அவற்றுள் ஒன்றைப் பாடுவேன். பரிசு கிடைக்குமா? தெரியாது. கைதட்டல்கூடக் குறைவாக இருக்கலாம். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு குரல் இருக்கும். அது ஓய்ந்து போவதற்குள் ஒருமுறை அருகில் போய்க் கேளுங்கள்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பினேன். மீண்டும் அதே இடம்: 'தாயின் தொழில்'. இம்முறை என் கை தயங்கவில்லை. 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். அருகில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'பாடகி' என்றும் சேர்த்து எழுதினேன்.