எட்டுக் கட்டம்

தவளக்குப்பம் நான்கு முனைச் சந்திப்பு. கடலூர் பஸ் ஒன்று ஆளை இறக்கிவிட்டுக் கிளம்புகிறது. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர், பக்கத்தில் பேத்தி. மடியில் நாலாக மடித்த வாரமலர். பென்சில் பேத்தி கையில்.

“சிட்டுக்குருவி அளவே உள்ள மஞ்சள் பறவை. பெயரில் பழம் உண்டு. எட்டு எழுத்து.”

“மாங்குயில்.”

விரல்விட்டு எண்ணுகிறாள். “அஞ்சுதான் தாத்தா.”

“ஆமா, அது மைனா அளவு இருக்கும். பனிக்காலத்துல வந்துட்டுப் போற பறவை வேற.”

டீ ஆற்றுகிறவர் திரும்பாமலே சொல்கிறார்: “மஞ்சக்குருவின்னு போடுங்க ஐயா.”

அது ஏழு. தேன்சிட்டு ஐந்து. தூக்கணாங்குருவி எட்டுக் கட்டத்தில் சரியாக உட்காருகிறது. கூடு கட்டும் காலத்தில் ஆணின் தலையும் மார்பும் நல்ல மஞ்சள்தான். ஆனால் அதில் பழம் ஏது? போதாததற்கு நான்காம் கட்டத்தில் ‘ழ’ விழுந்து கிடக்கிறது, மேலிருந்து இறங்கிய ‘கழனி’யின் தயவில்.

“மாம்பழச்சிட்டு!”

பெரியவர் குரலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

புள்ளி வைத்த எழுத்துக்கும் நம் புதிரில் முழுக் கட்டம் உண்டு. அதனால் பறவைப் பெயர்கள் புதிர் போடுகிறவரைப் பாடாய்ப் படுத்தும். மாங்குயிலின் ‘ங்’ எந்தச் சொல்லுக்கும் முதலாகாது, கடைசியாகவும் வராது. குறுக்கே போகும் சொல் அதை நடுவில்தான் வைத்திருக்க வேண்டும். ‘ச்’சும் ‘ட்’டும் அந்த ரகம். மாம்பழச்சிட்டில் அவை இரண்டுமே இருக்கின்றன. இந்தப் புதிரைப் போட்டவர் அந்தக் கட்டங்களைத் தொடாமல், ‘ழ’வில் ஒரு கழனியை இறக்கியிருக்கிறார். அழகான வேலை.

“அது இன்னா குருவி ஐயா?”

பெரியவர் டீயைக் கீழே வைக்கிறார். “அடிப்பக்கம் எலுமிச்சை மஞ்சள். இறக்கையில ரெண்டு வெள்ளைக் கோடு. தரைக்கு இறங்குறது அபூர்வம். பேருலதான் மாம்பழம், அது தேடுறது இலைக்குள்ள இருக்குற புழு பூச்சியைத்தான். கிளைக் கவட்டுல சிலந்தி நூலைச் சுத்திச் சின்னதாக் கிண்ணம் மாதிரி கூடு கட்டும். நீளமா விசிலடிச்சு, கடைசியில சட்டுனு இறக்கும் பாரு...”

ஆற்றிய கை நிற்கிறது.

“எங்க வூட்டு முருங்கையில காலையில அடிக்குமே! நான் ஏதோ பையன்தான் விசிலடிக்கிறான்னு அவனை அதட்டியிருக்கேன். இத்தினி வருஷமா வருது, பேரு தெரியல பாருங்க.”

ஏழு கட்டம் வரை நிரப்பிவிட்ட பேத்தி, பென்சிலை அவர் பக்கம் நீட்டுகிறாள்.

“கடைசி ‘டு’ நீங்க போடுங்க மாமா.”

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வருகிறார்.