கருவாயனின் தலை

என் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஓர் ஆட்டின் மண்டையோடு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். சிலர் "மந்திரவாதம் ஏதும் பழகுறீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்காதவர்களின் முகத்திலும் அந்தக் கேள்வி இருக்கும். எல்லோருக்கும் சேர்த்து இன்று பதில் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்புகளில் அறிவியல் பாடத்துக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று பெயர். பொருள்களைக் கொண்டு நடத்தும் பாடம் என்று அர்த்தம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் வாத்தியார் ஏதாவது ஒரு பொருளை மேசைமேல் வைப்பார். ஒருநாள் ஒரு நாயின் மண்டையோட்டையும் ஆட்டின் மண்டையோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவை என்ன தின்றன? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நாய்க்குக் கோரைப்பல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே மட்டும் எட்டு. ஆட்டின் கண்குழி பக்கவாட்டில் இருக்கிறது, பின்னால் வருவதும் தெரியட்டும் என்று. நாயின் கண்குழி முன்னோக்கி இருக்கிறது. குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படி எலும்புகளை ஒப்பிட்டே, உலகத்தில் இல்லாமல் போன மிருகங்களையும் அடையாளம் கண்டார் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பிறகு அப்பா தவறினார். அம்மாவின் ஊரான அறந்தாங்கிப் பக்கம் வந்தோம். தேர்வாணையத் தேர்வு எழுதி 1975-இல் புதுக்கோட்டையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். மாவட்டம் பிறந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கோப்புகளுக்கு நடுவில் குவியே மறந்துபோனார்.

அவரை ஞாபகப்படுத்தியவன் என் மகன். விடுமுறை நாட்களில் அவனைத் திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். சமஸ்தான காலத்தில் 1910-இல் தொடங்கியது அது. சிலைகளையும் நாணயங்களையும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் நேராக, பாடம் செய்த மிருகங்களும் எலும்புகளும் இருக்கும் பக்கம் போய்விடுவான்.

1987-இல் அவனுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டான். என் மனைவி குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். நேர்ந்துவிட்ட குட்டியை வீட்டிலேயே வளர்த்தோம். உடம்பெல்லாம் செம்மி, வாய் மட்டும் கறுப்பு. கருவாயன் என்று அவன்தான் பெயர் வைத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் திரியும். அது எதற்காக வளர்கிறது என்று அவனுக்குத் தெரியும் என நாங்கள் நினைத்தோம். தெரிந்திருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிவது வேறு, நமக்குத் தெரிவது வேறு.

1988 ஆடியில் கோயிலுக்குப் போனோம். அய்யனார் சன்னதியில் திரை போட்டுவிட்டுக் கருப்பருக்குக் கிடா வெட்டினார்கள். பையன் அழவில்லை. சாப்பாட்டில் உட்காராமல் என்னிடம் வந்து, "அப்பா, தலை எலும்ப மட்டும் எனக்குக் குடுங்கப்பா. மியூசியத்துல வச்சிருக்க மாதிரி வச்சுக்கிறேன்" என்றான்.

வழக்கப்படி தலை பூசாரிக்கு உரியது. கேட்டேன். "புள்ளைக்குத்தானே, எடுத்துக்கங்கய்யா" என்று கொடுத்துவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆபீஸ். எனக்கு அவசரம். கொல்லையில் ஒரு பழைய அண்டாவில் தலையைப் போட்டு, சலவை சோடாவைக் கொட்டி நாலு மணி நேரம் கொதிக்க வைத்தேன். சதை கழன்று வந்தது. ஆனால் எலும்பு மஞ்சளாக இருந்தது. வெள்ளையாக்கிவிடலாம் என்று, கிணற்றுக்குப் போட வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன்.

மறுநாள் மூக்கெலும்பு இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. பற்களில் பாதியைக் காணோம். அண்டாத் தண்ணீரோடு நானே சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். ஒரு வாரத்தில் மிச்சமும் சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பித்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு, முருங்கை மரத்தடியில் தானே குழி தோண்டிப் புதைத்தான். அதற்கப்புறம் எது வேண்டுமென்றாலும் அவன் அம்மாவிடம்தான் கேட்பான்.

2009-இல் ஓய்வு பெற்றேன். அவனும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். பொழுது நிறையக் கிடைத்ததும் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வந்தது. பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் நடைப்பயிற்சியில் பழக்கம், அவரிடமும் கேட்டேன். நான் செய்த அத்தனையும் தப்பு என்று தெரிந்தது.

கொதிக்க வைக்கவே கூடாது. கொதித்தால் மூளையிலும் சதையிலும் உள்ள கொழுப்பு எலும்புக்குள் இறங்கி, பிறகு மஞ்சளாகக் கசியும். மூக்குக்குள் காகிதம் மாதிரி சுருண்டிருக்கும் மெல்லிய எலும்புகள் நொறுங்கும், பற்கள் வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். கழுவிய பிறகும் குளோரின் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

சரியான வழிக்கு நெருப்பே வேண்டாம். கறிக்கடையில் தோல் உரித்த தலை வாங்கி, முடிந்தவரை சதையைக் கத்தியால் எடுத்துவிட வேண்டும். பின்மண்டையில் தண்டுவடம் நுழையும் துளை வழியாகத் தண்ணீர் அடித்து, கம்பியால் மூளையை வெளியேற்ற வேண்டும். பிறகு மூடி போட்ட வாளியில் வெறும் தண்ணீரில் ஊற வைத்துவிட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சதையைத் தின்றுவிடும். குளிர் நாட்டில் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நம் சித்திரை வெயிலில் மூன்று வாரம் போதும். தண்ணீரை மாற்றும்போது சல்லடையில்தான் வடிக்க வேண்டும். கழன்ற பற்கள் அதில் தங்கும். கொம்பும் கழன்று வரும், பயப்பட வேண்டாம். வெளியே தெரியும் கொம்பு நம் நகம் மாதிரி ஓர் உறை. உள்ளே எலும்பு இருக்கிறது. உறையைத் தனியாகக் காயவைத்துக் கடைசியில் மாட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்து, பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீரில் இன்னும் சில வாரம் போட வேண்டும். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றிக்கொண்டே இருந்தால் கொழுப்பு இறங்கிவிடும். கடைசியாக, மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒன்றிரண்டு நாள். கையுறை அவசியம். மூடியை இறுக்கவும் கூடாது, வாயு சேரும். பிறகு நிழலில் உலர்த்தி, பற்களை அதனதன் குழியில் பசை தொட்டு ஒட்ட வேண்டும்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவனாவேன். பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் உடைந்துவிட்டது என்று ஆளைக் கூட்டி வந்துவிட்டார். என் மனைவி, "பொணத்த ஊறப் போட்டுட்டு எப்படித்தான் சோறு இறங்குதோ" என்றாள். வாளி மொட்டை மாடியின் மூலைக்குப் போனது. தொட்டால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்று நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

குமாஸ்தா புத்தி போகாது, இரண்டு எச்சரிக்கை. ஒன்று, காட்டு மிருகம் வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் கொம்பைக்கூட உரிமைச் சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. நண்பர் ஒருவர் விராலிமலைப் பக்கம் செத்துக் கிடந்த மயிலின் மண்டையோட்டை ஆசையாக எனக்குக் கொண்டுவந்தார். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டேன். இரண்டு, திடீரென்று செத்து மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்த ஆடுமாடு பக்கமே போகக்கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

முதல் இரண்டு தலைகள் சுமாராக வந்தன. மூன்றாவதுதான் இப்போது அலமாரியில் இருக்கிறது. மூக்கெலும்பு முழுசாக, எல்லாப் பல்லும் அதனதன் இடத்தில்.

சென்ற பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திதான் முதலில் அதைப் பார்த்து, "தாத்தா, இது என்னது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து போய் இரண்டு கையாலும் எடுத்தான். கீழ்த்தாடையைத் திருப்பி முன்பல்லை விரலால் தடவி எண்ணினான்.

"இது நாலு பல்லு. கருவாயன் ரெண்டு பல்லுதான் போட்டிருந்துச்சு" என்றான்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது.

"அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்டா. எனக்குச் செய்யத் தெரியல" என்றேன். இவ்வளவு நாளும் இதை நான் சொன்னதில்லை.

அவன் பதில் சொல்லவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த மண்டையோட்டை அவள் மடியில் வைத்தான். "நல்லாப் பாத்துச் சொல்லு. இது என்ன தின்னுருக்கும்?" என்று கேட்டான். காரைக்கால் வாத்தியாரைப் பற்றி அவனிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போல. எனக்கு நினைவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "அடுத்தது எப்பப்பா ஊறப் போடப் போறீங்க?" என்றான். சித்திரையில் என்று சொல்லியிருக்கிறேன். லீவு போட்டுவிட்டு வருகிறானாம். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.